கியர் கம்பியைக் கழற்றி வைத்த மதினி

மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் தெருவில் முதலில் அணைவது மதினி வீட்டு விளக்குதான். கரண்ட் போய் அல்ல. ஒரு மின்னல்கூட வெட்டியிருக்காது, அதற்குள் பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். போய்க் கேட்டால், "இடி எறங்குனா கரண்டு வழியாத்தான வரும். வழியவே எடுத்துட்டேன்" என்பாள்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி இல்லை. எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷனை நான் அண்ணே என்று கூப்பிட்டதால் அவள் மதினி ஆனாள். தெருவில் மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கம்பிக்காரி. அது ஏன் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன், பியூஸ் கட்டைக்குப் போய்விட்டேன். ஆனால் அதுவும் சேர்ந்ததுதான்.

அவளுக்குப் பயம். எதைப் பார்த்தாலும் அது யாரையாவது கொன்றுவிடும் என்கிற பயம். மற்றவர்கள் பயந்தால் கத்துவார்கள், இல்லாவிட்டால் சாமி கும்பிடுவார்கள். மதினி கழற்றுவாள். பிள்ளைகள் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் ராட்டினத்தோடு கயிற்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத் தெருவே தண்ணீருக்குத் தவித்தது. என் மகள் புது சைக்கிளில் பள்ளிக்கூடம் போன முதல் வாரம், காலையில் பார்த்தால் இரண்டு சக்கரத்திலும் வால்வு டியூப் இல்லை. "மெயின் ரோட்டுல லாரி எம்புட்டு வேகமா வருதுன்னு பாத்தியா? புள்ள நடந்தே போகட்டும். நடந்து செத்தவ யாரு?" என்றாள். நான் திட்டினேன். என் மகளும் திட்டினாள். மதினி எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள், வால்வு டியூபை மட்டும் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் அவள் பூட்டு செய்கிறவர் மகள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு அரம் ராவுகிற சத்தம் கேட்கும். அவள் அப்பா செய்த பூட்டை உடைக்க ஆளே இல்லை என்பார்கள். அவளுக்கோ பூட்டில் நம்பிக்கை கிடையாது. "பூட்டுனா, தொறக்கச் சாவி கேட்டு ஒருத்தன் வருவான். கெஞ்சுவான், நம்ம குடுத்துருவோம். சாமானே இல்லைன்னா கெஞ்சி என்ன பண்ணுவான்?" ஆனாலும் இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். வீட்டில் பூட்டுகிற மாதிரி ஒரு தகரப் பெட்டிகூடக் கிடையாது. எதற்கு மதினி இம்புட்டுச் சாவி என்று கேட்டால், "கெடக்கட்டும், இரும்புதான" என்பாள். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

அண்ணன் சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். பழைய கார், இரண்டே கதவு. பின்னால் உட்காருகிறவர்கள் முன் சீட்டை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். பழனிக்கு மொட்டை போடப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அந்தக் காரில் ஏறியிருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள், அண்ணன் குளித்துச் சட்டை மாட்டி காரில் ஏறி உட்கார்ந்து இடது கையை நீட்டினால், கை வெறும் காற்றில் போய் விழும். கியர் கம்பி இருக்காது. உடனே தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

"எங்கடி கம்பி?"

"எனக்கென்ன தெரியும்?"

"சவாரி காத்துக் கெடக்கு. கூடையில வச்சுக்கிட்டே தெரியாதுங்கறியா?"

"கூடையில இருக்குறது வெங்காயம்."

வெங்காயமும் இருக்கும், அதற்கு அடியில் கம்பியும் இருக்கும். நாங்கள் வாசலுக்கு வாசல் நின்று பார்ப்போம். பொம்பளையா இவ, பொழப்பைக் கெடுக்க வந்த பிசாசு என்று பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் கத்துவாரே தவிர, ஒருநாளும் எழுந்து வந்து அந்தக் கூடையைப் பிடுங்கியதில்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், நீங்களும் எங்களைப் போல அவளைப் பார்த்துச் சிரித்துவிடுவீர்கள். அண்ணனுக்கு ஒரு நோவு இருந்தது. கீழே விழுந்து கைகால் இழுக்கிற வலிப்பு அல்ல. பேசிக்கொண்டிருக்கிறவர் சட்டென்று நின்றுவிடுவார். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. இடது கை தானாகச் சட்டைப் பொத்தானைத் திருகும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவார். நடந்தது அவருக்கே தெரியாது. அது வருகிற நாளில் பெரும்பாலும் காலையிலேயே ஒரு அடையாளம் காட்டிவிடும். "என்னமோ தீயிற வாசன வருதே" என்பார். எங்கள் தெருவில் எந்நேரமும் தோல் பதனிடுகிற ஷாப் வாடைதான் அடிக்கும். அதற்குள் அவருக்கு மட்டும் ஏதோ தீயும். மதினி போய் அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பு அணைந்திருந்தால் நேராகக் காருக்குப் போவாள்.

இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிய வந்த விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் கழற்றுவதை நான் பக்கத்திலேயே நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பியைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதை மேலே தூக்குவாள். அடியில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. உள்ளங்கையை வைத்து அமுக்கி ஒரு திருகு திருகினால் உள்ளே ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். அப்புறம் கிழங்கு பிடுங்குகிற மாதிரி மேலே இழுத்தால் கம்பி வந்துவிடும். நுனியில் ஒரு இரும்பு உருண்டை, அது நிறையக் கருப்புக் கிரீஸ். பள்ளத்தில் தூசி விழாமல் ஒரு துணியை அடைப்பாள். எல்லாம் ஒரு கீரை ஆய்கிற நேரம்கூட ஆகாது. பட்டறையில் ஒருமுறை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்ததைப் பார்த்தே படித்துக்கொண்டாளாம். கம்பியின் மேல்குமிழில் ஏதோ எழுதியிருக்கும். எனக்கு எழுத்து தெரியாது. அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள், இது ஒண்ணு, இது ரெண்டு, இது பின்னால போறது என்று.

"சாவிய எடுத்து ஒளிச்சு வச்சாப் போதாதா மதினி? எதுக்கு இந்தக் கிரீஸோட மல்லுக்கட்டுற?"

"சாவி இல்லாமயே ரெண்டு ஒயரத் தொட்டு ஸ்டார்ட் பண்ணிருவாரு. இது இல்லைன்னா வண்டி நின்ன எடத்துலயே உறுமிக்கிட்டுக் கெடக்கும். ஒரு அடி நகராது."

அந்தப் பேச்சு என் மனசில் பதிந்துவிட்டது. கம்பி இல்லாவிட்டால் கார் நகராது. அதை நம்பித்தான் நான் பின்னால் ஒரு காரியம் செய்தேன்.

கம்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் பயம், அதனால் போகிற இடமெல்லாம் கூடையோடு கொண்டுபோவாள். ஒருமுறை ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த போலீஸ்காரர் கூடைக்குள் கையை விட்டு அதை எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது, யார் மண்டைய ஒடைக்கப் போற?"

"காருங்கய்யா."

"காரா?"

"காரு வீட்டுல நிக்குதுங்கய்யா. அதோட ஓட்டம் இங்க இருக்கு."

பஸ்ஸே சிரித்ததாம். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்துத்தான் விட்டார். அதிலிருந்து அவள் கம்பியோடு பஸ் ஏறுவதில்லை.

கார் சவாரிக்குப் போன நாளெல்லாம் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோறு ஆறிக்கிடக்கும். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் கை வைக்க மாட்டாள். கையில் செபமாலையை உருட்டிக்கொண்டு, தெருமுனையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மணியைப் பிடித்தபடி நின்றுவிடுவாள். அந்தக் காரின் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே விடுவாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். தை மாதக் கடைசி. காலையில் கீரனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வேர்க்க விறுவிறுக்கத் தெருவில் வந்து நின்றார். "ஏனுங்க, டிரைவர் ஊடு இதுங்களா? கீரனூர்ல இவிங்க அக்கா தவறிட்டாங்க" என்றார். மதினியின் மூத்தவள். மதினி அழவில்லை. உள்ளே போனாள், காருக்குப் போனாள், பிறகு என் வீட்டுக்கு வந்தாள். கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்ட கம்பி.

"இத வச்சுக்க, ஆத்தா. அவரு நாளைக்கு அடக்கத்துக்குப் பஸ்ஸுல வந்துருவாரு. நான் மூணு நாள்ல வாரேன். அதுவரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்காத. அவரு கெஞ்சுனாலும் குடுக்காத. மாதாவே எறங்கி வந்து கேட்டாலும் குடுக்காத."

"என்ன மதினி, நகையா இது?"

அவள் என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை. அக்கா செத்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சரி மதினி, குடுக்க மாட்டேன் என்றேன். அவள் கண்ணெதிரிலேயே அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

மத்தியானம் மளிகைக் கடை பாய் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்தார். அவர் கடைக்குத்தான் எங்கள் எல்லாருக்கும் போன் வரும். "நத்தத்துல இருந்து போன் வந்துச்சும்மா. ஒங்க மகளுக்கு வலி எடுத்துருச்சாம். பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்களாம். பதறாமப் போங்க" என்றார். மகளை நத்தத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டாம் மாதம். ஒன்பதாவதில் வளையல் போட்டுக் கூட்டிவரலாம் என்று நாள் பார்த்து வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலையில் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கவே அரை மணி நேரம், அப்புறம் பஸ் கிடைக்க வேண்டும். தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் எழுந்து வந்தார்.

"கம்பியக் குடு, தங்கச்சி. முக்கா மணி நேரத்துல நத்தத்துல எறக்கி விடுறேன்."

"மதினி குடுக்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்குண்ணே."

"அவ கெடக்கா. அங்க ஒம் மக கெடக்கா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அவர் ஏன் அதைச் சொன்னார் என்று யோசிக்க எனக்கு அன்று புத்தி இல்லை. அரிசிக்குள் கையை விட்டு எடுத்து, முடிச்சைக் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் உருண்டையைப் பள்ளத்தில் இறக்கி, மூடியை அமுக்கித் திருகி, ரப்பரை இழுத்துவிட்டார். சுற்றியிருந்த துணியை நான் கூடையில் போட்டுக்கொண்டேன். முன் சீட்டில் என்னை உட்காரச் சொன்னார்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புளியமரம். என் பதற்றத்தைத் தணிக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். நத்தம் மாங்காய் பற்றிச் சொன்னார், அங்கே ஒரு தோப்புக்காரர் மகள் கல்யாணத்துக்கு ஓட்டியதைச் சொன்னார். நான் ஊம் கொட்டினேன், மனசெல்லாம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போது கேட்டார்.

"என்னமோ தீயிற வாசன வருதுல்ல?"

நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. "இல்லையேண்ணே" என்றேன்.

"அந்தத் தோப்புக்காரர் இருக்காரே, அவரு..." என்றார். அதோடு சரி.

அவரு என்ன செய்தார் என்று கேட்டுத் திரும்பினேன். அண்ணன் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அண்ணே என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆள் அங்கே இல்லை. கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் ரோட்டின் பாதியை அடைத்துக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் கொள்ளு தனியாக உதிரும் என்று எங்கள் பக்கம் ரோட்டில் போடுவார்கள். ஏழெட்டுப் பெண்கள் முறத்தோடு குனிந்து நின்றார்கள். ஓரத்துப் புளியங்கிளையில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. கார் அந்தத் தூளியைப் பார்த்துத் திரும்பியது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எதை மிதித்தால் நிற்கும் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ரப்பரைத் தூக்கினேன். மூடியை உள்ளங்கையால் அமுக்கினேன். திருகினேன். இழுத்தேன். கம்பி வந்துவிட்டது.

கார் நிற்கவில்லை.

கம்பி என் கையில் இருந்தது, கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நின்ற காரில் கழற்றினால் அது நகராது, ஓடுகிற காரில் கழற்றினால் அது நிற்காது. இந்த இரண்டாவது பாதியை மதினி எனக்குச் சொன்னதில்லை. அவளுக்கே தெரியாது. அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாரியாத்தா, மாதாவே என்று வாயில் வந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அண்ணனின் கால் எப்போதோ பெடலிலிருந்து நழுவியிருந்தது. கார் கொள்ளுச் செடியில் ஏறி, வழுக்கி, ஓரத்தில் குவித்திருந்த போரில் முகத்தைப் புதைத்து, இரண்டு முறை தும்மி நின்றது. தூளிக்கு நாலு முழம் இருந்தது. உள்ளே இருந்த பிள்ளை தூக்கம் கலையாமல் கிடந்தது.

"ஏலே, கண்ணு அவிஞ்சு போச்சாடா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டு ஓடிவந்த ஒரு கிழவி, கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினாள். "ஏய், ஆளு வலிப்புல இருக்காருடி. கையில இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க."

ஒருத்தி அரிவாளைத் தேடி ஓடினாள். நான் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"ஒங் கையில இருக்குறது என்னத்தா, கரும்பா? அதக் குடு."

கம்பியை அண்ணனின் இடது கையில் வைத்தேன். பொத்தானைத் திருகிய விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிடித்ததும் அந்தக் கை கம்பியை முன்னால் தள்ளியது, பின்னால் இழுத்தது. வெறும் காற்றில் கியர் மாற்றியது. கண் இன்னும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. கார் ஓடியபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

பிறகு இமைத்தார்.

"நத்தம் வந்துருச்சா, தங்கச்சி?"

அவர் கண்ணாடியில் அப்பியிருந்த கொள்ளுச் செடியைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார். கடைசியாகத் தன் கையைப் பார்த்தார். மதினியின் இடுப்பில் ஏன் அந்தச் சாவிக்கொத்து தொங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செத்த நேரம் கழித்து அண்ணன், "மாட்டிட்டுப் போவோம், மக அங்க கெடக்கா" என்றார். நான் அவர் கையிலிருந்து கம்பியை வாங்கித் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தேன். "குடுக்க மாட்டேண்ணே" என்றேன். புறப்படுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அவர் கொள்ளுப் போரில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கிழவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். கார் அங்கேயே நிற்கட்டும், நாளைக்கு டிராக்டரில் கட்டி இழுத்து வந்து விடுகிறோம் என்றார்கள். நான் அடுத்து வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேரன் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு பப்பாளிக்காய் அளவுதான் இருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று நர்ஸ் சொன்னதும் அவள் காலைத் தொடப் போனேன். அவள் விலகிக்கொண்டாள்.

"என்னம்மா கையெல்லாம் கிரீஸு? லாரிக்கு அடியில படுத்துட்டு வந்தீங்களா? கழுவிட்டு வாங்க, அப்பறம் புள்ளையப் பாக்கலாம்."

மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. அந்தக் கையோடுதான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவனைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நான்காம் நாள் மதினி கீரனூரிலிருந்து வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கம்பியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். முகப்பெல்லாம் கொள்ளுச் சருகோடு வாசலில் நின்ற காரைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். அவள் போட்டது மூன்று முடிச்சு, நான் போட்டது இரண்டு. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எம்புட்டு நேரம் இருந்துச்சு?" என்றாள். "எத்தன மணி உருட்டுற நேரம்?"

"எங்கிட்ட ஏது மதினி செபமால?"

"நான் எண்ணுவேன். எப்பவும் நாலு மணி உருட்டுறதுக்குள்ள திரும்பிருவாரு. ஒருக்க ஒம்போது மணி வரைக்கும் போயிருச்சு. அன்னைக்கு எனக்குப் பாதி உசுரு போயிருச்சு."

எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னாள். வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்க் காட்டலாம் என்றால் அவர் வரமாட்டார். வலிப்புக்காரர் என்று தெரிந்தால் ஒரு ஆள் காரில் ஏறாது. ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. "என்னயக் கிறுக்கிங்குறாக. சொல்லிட்டுப் போகட்டும். அவரு நிமிந்து நடக்குறாருல்ல."

எனக்குக் கோபம் வந்தது. தூளி கண்ணிலேயே நின்றது. "ஏறுற சனத்துக்குத் தெரிய வேண்டாமா மதினி? எம் மவ எத்தன தடவ அந்தக் கார்ல போயிருக்கா. தெரிஞ்சேதான அனுப்புன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒம் மவ போன அன்னைக்கெல்லாம் ரெண்டு செபமால சொல்லிருக்கேன்."

"மணிய உருட்டுனா கார் நிக்காது மதினி. கம்பிய உருவுனாலும் நிக்காது. நான் உருவிப் பாத்துட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாக எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அதை நான் பிடுங்கிவிட்டேன். கம்பியைத் துணியில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டு என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மாசம் ஒன்று ஆயிற்று. மகளையும் பேரனையும் அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலையில் பார்த்தால் அண்ணன் காரைக் கழுவி, முன்னால் ஒரு முழம் மல்லிகைப்பூச் சுற்றி வைத்திருந்தார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்த நாளிலிருந்து அது வாசலிலேயே நின்றது. "என்னால பட்ட பாட்டுக்கு நானே போயிக் கூட்டியாறேன்" என்றார். பெண்கள் நாலைந்து பேர் நானும் வாரேன், நீயும் வா என்று சேலை மாற்றி வந்துவிட்டார்கள். அண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்து இடது கையை நீட்டினார். கை காற்றில் விழுந்தது.

"எங்கடி கம்பி?"

மதினி கூடையோடு வாசலில் வந்து நின்றாள். எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். அவள் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெங்காயம் மட்டும்தான் உருண்டது.

"காணோம்" என்றாள்.

"பச்சப்புள்ளயக் கூட்டிவரப் போறப்பகூடவாடி ஒனக்கு இந்தக் கிறுக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "இவளக் கெட்டுனதுக்கு அந்த மனுசன் ஒரு கழுதையக் கெட்டிருக்கலாம்" என்றாள். மதினி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கார் ஊருக்கே ஓடிய கார். நான் ஒரு வார்த்தை சொன்னால் தெரு என்னையும் திட்டும், அண்ணனின் பிழைப்பும் என்னால் போகும். சொல்லாவிட்டால் அந்தக் காரில் என் பேரன் வருவான்.

"மதினி இல்ல, நான்தான் தொலைச்சேன்" என்றேன். "நத்தத்துக்குப் போறப்பப் பஸ்ஸுல விட்டுட்டேன்."

தெரு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அண்ணன் காரிலிருந்து இறங்கினார். நத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து நான் கூடையோடு திரும்பி வந்ததை அவர் பார்த்தவர்.

"எந்தப் பஸ்ஸு, தங்கச்சி?"

"எனக்குப் போர்டு படிக்கத் தெரியாதுண்ணே. பச்சப் பஸ்ஸு."

அவர் என்னைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, போனது போகட்டும்" என்று சொல்லிவிட்டு, காரில் சுற்றியிருந்த பூவை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "மகளுக்கு வச்சு விடு."

பேரன் பஸ்ஸில்தான் வந்தான்.

மதுரைக்குப் போனால் பழைய இரும்புக் கடையில் வேறொரு கம்பி கிடைத்திருக்கும். ஒரு நாள் வேலைதான். அண்ணன் போகவில்லை. கோயில் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டார். மதினி இட்லி சுட்டு விற்றாள். கார் வாசலிலேயே நின்றது. சக்கரம் மண்ணில் இறங்கியது, பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. அண்ணன் வேலூர் போய் மாத்திரை வாங்கி வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதன் பிறகு மதினி சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். பியூஸ் கட்டையைப் பிடுங்குவதை மட்டும் விடவில்லை.

பல வருஷம் கழித்து அண்ணன் காய்ச்சலில் கிடந்து, கட்டிலில்தான் போனார். முப்பதாம் நாள் பூசை முடிந்து மதினி என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைச் சேலை. இடுப்பில் சாவிக்கொத்து இல்லை, அதைச் சவப்பெட்டியில் அவர் கையோடு வைத்துவிட்டாளாம்.

"அது இருக்கா?" என்றாள்.

அரிசி டிரம்மில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். உருண்டையைத் தடவிப் பார்த்தாள். கம்பியைத் திருப்பிப் பார்த்தாள். துரு இல்லை.

"எண்ண போட்டியா?"

"மாசம் ஒருக்க. தேங்கா எண்ண."

மேல்குமிழை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பவும் துணியில் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. என்னிடம் நீட்டினாள்.

"வச்சுக்க. யாரு கேட்டாலும் குடுக்காத."

"இனிமே யாரு மதினி கேக்கப் போறா?"

"நானே வந்து கேட்டாலும் குடுக்காத" என்றாள்.

அவள் கேட்க வரவில்லை. அவளும் போய்விட்டாள். இப்போதும் அரிசி அள்ளும்போது விரல் அந்த முடிச்சில் இடிக்கும். இடிக்காத நாளில், உலை கொதித்தாலும் கொதிக்கட்டும் என்று, கையை இன்னும் ஆழமாக விட்டுத் தேடுவேன்.